கீமோதெரபியை 'ரசாயன சிகிச்சை'ன்னு எழுதாதீங்க

புற்றுநோய்க்கு மருந்து ஏத்துற கீமோதெரபிக்கு டிவியில கீழ ஓடுற செய்தியில மறுபடியும் "ரசாயன சிகிச்சை". பேப்பர்லயும் அதான், ஆஸ்பத்திரி நோட்டீஸ்லயும் அதான். பார்த்துப் பார்த்து பொறுக்க முடியாமத்தான் இதை எழுதுறேன்.

சொல் எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல பார்த்துடுவோம். கீமோதெரபிங்கற பேரை 1900-களோட தொடக்கத்துல வச்சவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் எர்லிக். இன்ன பொருள்னு தெளிவா தெரிஞ்ச ஒரு மருந்தை வச்சு கிருமியை அடிக்கறதுதான் அவர் சொன்ன அர்த்தம், புற்றுநோய்க்கும் அதுக்கும் அப்ப பெருசா சம்பந்தம் கிடையாது. 1910-ல வந்த அவரோட சால்வர்சான், சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கான மருந்து. 1940-கள்ல நைட்ரஜன் மஸ்டர்டுங்கற பொருளை லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் வந்தவங்களுக்குக் குடுத்துப் பார்த்த பிறகுதான் இந்தச் சொல் மெல்ல மெல்ல புற்றுநோய் பக்கம் வந்து அங்கயே தங்கிடுச்சு.

இப்ப 'ரசாயனம்'. வைத்தியத்துல இதுக்கு ரொம்ப நல்ல அர்த்தம் இருந்துச்சு, உடம்பைத் தேத்தி ஆயுசைக் கூட்டுற மருந்துன்னு, ஆயுர்வேதத்தோட எட்டு பிரிவுல ஒண்ணுக்கே ரசாயனம்னுதான் பேரு. ஆனா இன்னைக்கு தமிழ்நாட்டுல யாருகிட்டயாவது ரசாயனம்னு சொல்லிப் பாருங்க, அவங்க மனசுல வர்றது ரசாயன உரம், கல்லு வச்சு பழுக்க வச்ச மாம்பழம், சாயப்பட்டறைத் தண்ணி. அதோட பக்கத்துல 'சிகிச்சை'ன்னு ஒட்டினா, உடம்புக்குள்ள விஷத்தை ஏத்தப் போறாங்கன்னுதான் வீட்டுல இருக்கறவங்க நினைப்பாங்க. எதிர்ப்பக்கம் 'இயற்கை மருத்துவம்'னு ஒரு அழகான பேரு ரெடியா நிக்குது. ரசாயனமா இயற்கையான்னு கேட்டா யார்தான் ரசாயனம்னு சொல்லுவா? கேள்வியே தப்பா கேட்டு வச்சிருக்கு, அதுக்கு இந்த மொழிபெயர்ப்பும் ஒரு காரணம்னு நான் உறுதியா சொல்லுவேன்.

ஏன்னா அந்தப் பிரிவினையே உண்மை இல்ல. நித்திய கல்யாணி தெரியும்ல, சுடுகாட்டு மல்லின்னும் சொல்லுவோம், வேலியோரம் தானா முளைச்சு ஊதாப் பூ பூத்து நிக்கும், ஆடு மாடு வாய வைக்காது. ஜமைக்காவுல அந்த இலையை சர்க்கரை நோய்க்கு கஷாயம் வச்சு குடிச்சாங்கன்னு கேள்விப்பட்டு, 1950-கள்ல கனடாவுல ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிக்குக் குடுத்துப் பார்த்தாங்க, சர்க்கரை இறங்கல, வெள்ளை அணுக்கள் மளமளன்னு குறைஞ்சுச்சு. ரத்தப் புற்றுநோய்ல கட்டுமீறிப் பெருகுறது வெள்ளை அணுக்கள்தானே, அப்படிக் கிடைச்ச புற்றுநோய் மருந்துதான் வின்பிளாஸ்டின், அதே செடியிலேருந்து பின்னாடியே வின்கிரிஸ்டின். குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு இன்னைக்கும் வின்கிரிஸ்டின் இல்லாம வைத்தியம் இல்ல. காய்ஞ்ச இலை நூத்துக்கணக்கான கிலோ போட்டாத்தான் ஒரு கிராம் தேறும், ஒரு தடவைக்கு ஏத்துறது வழக்கமா 2 மில்லிகிராமுக்கு மேல போகாது. அதுக்கு மேல போனா நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப்போகும். அந்த அளவைக் கண்டுபிடிச்சு எழுதி வச்சதுதான் கஷாயத்துக்கும் கீமோவுக்கும் உள்ள வித்தியாசம், செடியா கெமிக்கலாங்கறது இல்ல. பேக்லிடாக்சல்ங்கற இன்னொரு கீமோ மருந்து யூங்கற மரத்துப் பட்டையில இருந்து வந்தது. நோயாளிங்க 'செவப்பு மருந்து'ன்னு சொல்ற டாக்சோரூபிசின் மண்ணுல இருக்கற நுண்ணுயிர்ல இருந்து வந்தது.

அந்தப் பக்கமும் பாருங்க. சித்த மருத்துவத்துல ரசகந்தி மெழுகுன்னு இருக்கு, பேர்லயே பாதரசமும் கந்தகமும் இருக்கு. வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக் டிரையாக்சைடு, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே ஏத்துற மருந்து. எது ரசாயனம் எது இயற்கைன்னு எங்க கோடு போடுவீங்க?

சரி, பதிலுக்கு என்ன சொல்றது? 'வேதிச்சிகிச்சை'ன்னு சிலர் எழுதுறாங்க. வேதை, வேதித்தல்னு ரசவாதத்துல உலோகத்தை மாத்துறதுக்கு சித்தர்கள் சொன்ன சொல், பழைய வேர் இருக்கு, எனக்குப் பிடிக்கும். ஆனா அதுலயும் மருந்துங்கற வார்த்தை காணோம், அதான் குறை. அறுவை சிகிச்சைன்னா கத்தி, கதிர்வீச்சு சிகிச்சைன்னா கதிர், அப்ப மூணாவது மருந்துதானே? அதனால 'வேதிமருந்து சிகிச்சை'ன்னு எழுதலாம்ங்கறது என் கருத்து. நீளமா இருக்குன்னா 'கீமோ'ன்னே எழுதுங்க, கிராமத்துல இருந்து வர்ற பாட்டிகூட "எனக்கு கீமோ ஏத்துறாங்க, அப்புறம் கரண்ட் வைப்பாங்களாம்"னு தெளிவா சொல்லுது, கரண்ட்னா கதிர்வீச்சு.

'மாற்று மருத்துவம்'ங்கறதுலயும் இதே குழப்பம். கீமோ எடுத்துக்கிட்டே வாந்திக்கு இஞ்சி, மனசுக்கு யோகான்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு செய்யறது மாற்று இல்ல, துணை. கீமோவை விட்டுட்டு முள்சீத்தா பழம் மட்டும் சாப்பிடறதுதான் மாற்று. 2018-ல யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுல, முதல்ல மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கிட்ட 281 பேரை வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களோட ஒப்பிட்டாங்க, சாவு அபாயம் இரண்டரை மடங்கு. இவ்வளவு தூரம் விலகி நிக்கற ரெண்டு விஷயத்தையும் மொழிபெயர்க்கறவங்க ஒரே சொல்லுக்குள்ள போட்டுட்டுப் போயிடறாங்க.

எனக்கு ரொம்ப வலிக்கற இடம் சம்மதப் படிவம். "இரசாயன சிகிச்சைக்கு மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்"னு அடிச்ச தாளை நீட்டினா, பேனாவைக் கையில புடிச்சிருக்கறவர் அந்த முதல் வார்த்தையிலயே நின்னுடுவார். அங்கயாவது முதல்ல மாத்துங்க.