பயோமார்க்கர் ‘நோய் அறிகுறி’ ஆகாது

தண்டையார்பேட்டையில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் கொடுத்த துண்டறிக்கையில் ‘பயோமார்க்கர் எனும் நோய் அறிகுறி’ என்று அச்சடித்திருந்தார்கள். யூடியூபில் பேசுகிற டாக்டர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

‘பயோஸ்’ கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. ‘மார்க்’ எல்லை அடையாளத்தைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல். உடம்பிலிருந்து அளந்தெடுத்து, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள உதவுவது பயோமார்க்கர். சர்க்கரைக்குப் பார்க்கிற ஹெச்பிஏ1சி அப்படி ஒன்று. அறிகுறி என்பது நோயாளி தானே உணர்வது, அல்லது பார்க்கிறவர் கண்ணில் படுவது. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஹன்டிங்டன் நோயைப் பாருங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்புள்ள நரம்பு நோய் இது. கை கால் தானாக வெட்டி இழுக்கும். மனமும் நினைவும் தடுமாறும். 4ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு 1993இல் பிடிபட்டது. அதில் ‘சிஏஜி’ என்ற எழுத்துத் தொடர் 40 தடவையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால் நோய் வந்தே தீரும். ஆனால் எப்போது? பெரும்பாலும் நடுவயதில். அதற்குப் பல வருடம் முன்பே, நரம்பிழை சிதையும்போது கசிகிற நியூரோஃபிலமென்ட் புரதம் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஏறுகிறது. எம்ஆர்ஐ படத்தில் மூளையின் காடேட் பகுதி சுருங்கியிருப்பது தெரிகிறது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல 2022இல் வந்த நிலைப் பகுப்பு இந்தச் சுருக்கத்தையும் வைத்துத்தான் வகுத்தது: மரபணு மாற்றம் மட்டும் இருந்தால் 0, படத்தில் சுருக்கம் தெரிந்தால் 1, அறிகுறி வந்தால் 2, அன்றாட வேலை தடைபட்டால் 3. அறிகுறிக்கு முந்தின படியில் நிற்பதையே ‘அறிகுறி’ என்று மொழிபெயர்த்தால் 1க்கும் 2க்கும் என்ன வித்தியாசம்?

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. இந்த நோயில் அப்பாவை இழந்த காசிமேட்டுத் தங்கச்சி ஒருத்தி அந்தத் துண்டறிக்கையை நீட்டி, “ண்ணா, ரத்தத்துல அறிகுறி இருந்தா அப்ப எனக்கு ஸ்டார்ட் ஆயிடுச்சா?” என்று கேட்டாள். அந்தப் புரதம் வேறு நரம்பு நோய்களிலும் ஏறும்; அது ஏறியதை மட்டும் வைத்து இந்த நோய் என்று யாரும் சொல்ல முடியாது. இத்தனையையும் ஒரு சோம்பேறி மொழிபெயர்ப்பு விழுங்கிவிட்டது.

‘உயிரிக் குறிப்பான்’ என்றும் எழுதுகிறார்கள். உயிரி உரம், உயிரி ஆயுதம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ கிருமி மாதிரி ஒலிக்கிறது. ‘உயிர்க்குறி’ பரவாயில்லை, ஆனால் நாடித்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகிய ‘வைட்டல் சைன்’களோடு குழம்பும்.

என் வாக்கு ‘உடற்குறி’க்கு. சித்த மருத்துவத்தில் சிறுநீரின் நிறம், மணம், நுரையைப் பார்ப்பது நீர்க்குறி; அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, வளையமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. உடம்பிலிருந்து எடுத்துச் சோதிப்பதற்குக் ‘குறி’ என்ற சொல் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. ரத்தத்தில் பார்த்தால் ரத்தக்குறி, எம்ஆர்ஐயில் பார்த்தால் படக்குறி என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும். ‘குறி’ என்றாலே குறிசொல்கிறவர் நினைவு வருகிறதே என்பார்கள். நீர்க்குறி பார்த்த வைத்தியரை யாரும் குறிகாரர் என்று சொன்னதில்லை.