லிவர் ரைபிள் வாங்க ஆசைப்படுபவர்களுக்கு

சேலத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சி தருகிறேன். "எந்தத் துப்பாக்கி வாங்கலாம் சார்?" என்று கேட்டுப் பலர் கூப்பிடுவார்கள். சமீப காலமாக அந்தக் கேள்வியில் லிவர் ஆக்‌ஷன் ரைபிளின் பெயர் அடிக்கடி வருகிறது. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னால் தள்ளி இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். எனக்கும் பிடித்த இயந்திரம்தான். ஆனால் கேட்பவர் யார், எங்கே சுடப்போகிறார் என்று தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை.

1860-இல் வந்த ஹென்றி ரைபிளில் தொடங்கி, வின்செஸ்டர் 1873, வின்செஸ்டர் 1894, 1948-இல் வந்த மார்லின் 336 என்று இந்தக் குடும்பம் பெரிது. பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் லிவர் என்பது தோட்டாவை ஏற்றும் வழி மட்டுமே. அந்த ரைபிள் எதற்கு உதவும் என்பதைத் தோட்டாதான் முடிவு செய்கிறது. .22, .45 என்ற எண்கள் குண்டின் அகலத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை. .22 ரைபிளின் குண்டு சுமார் 2.6 கிராம். .45-70 என்ற பழைய பெருந்தோட்டாவில் 26 கிராம் குண்டுகூட உண்டு. ஒன்றைப் பள்ளிப் பிள்ளையின் தோள் தாங்கும், மற்றது பழகிய ஆளையும் ஆட்டிவிடும். ஆகவே மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் தோட்டாவைப் பற்றிப் பேசுங்கள்.

முதலில் இலக்குச் சுடுதல். போட்டியில் பதக்கம்தான் குறி என்றால் லிவர் ரைபிளை மறந்துவிடுங்கள். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டிக்கு .22 தோட்டாதான், அதையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டும். குப்புறப் படுத்துச் சுடும்போது லிவரைக் கீழே தள்ள முயன்றால் தரையில் இடிக்கும். பெரும்பாலான லிவர் ரைபிள்களில் பிடிக்கும் மரக்கட்டையும் இரண்டு துண்டு, குழலுக்கடியில் தோட்டாக் குழாய் வேறு தொங்கும். போட்டி ரைபிளின் நுணுக்கத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. என்னிடம் வரும் மாணவர்களை 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் தொடங்க வைக்கிறேன். அதன் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம்தான். 4.5 மில்லிமீட்டர் பெல்லட், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸும் தேவையில்லை. மூச்சையும் விசையையும் அங்கே கட்டுப்படுத்தக் கற்றவருக்கு எந்த ரைபிளும் பணியும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு விளையாட்டாக இரும்புத் தகடுகளைச் சுட ஆசைப்படுபவருக்கு .22 லிவர் ரைபிள் அருமையான தேர்வு. சத்தம் குறைவு, உதை கிடையாது, தோட்டா மலிவு. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறியாடு வடிவத் தகடுகளை வரிசையாக நிறுத்திச் சுடும் போட்டி மெக்சிகோவில் பிறந்தது. லிவர் ரைபிளுக்கென்றே அதில் தனிப் பிரிவுகள் அமெரிக்காவில் உண்டு. இன்னும் கொஞ்சம் கனமாக வேண்டும் என்றால் .357 மேக்னம் வாங்கலாம். அதே ரைபிளில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுட்டால் உதையும் செலவும் குறையும்.

அடுத்தது வேட்டை. நம் பிள்ளைகள் டெக்சாஸ் பக்கம் வேலைக்குப் போனதும் சக ஊழியர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். "தம்பி, முதலில் உன் விசா என்ன?" என்றுதான் கேட்பேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இதையெல்லாம் சரிபார்க்காமல் நண்பரின் ரைபிளைக் கையில் வாங்கிவிடாதீர்கள், வேலையும் விசாவும் போய்விடும்.

சரி, எல்லாம் முறையாக இருக்கிறது, வெள்ளைவால் மான் வேட்டைக்குத்தான் என்றால் என் பதில் .30-30. 1895-இல் வின்செஸ்டர் 1894 ரைபிளுக்காக வந்த தோட்டா அது. 150 மீட்டருக்குள், புதர்க்காட்டில், அதற்கு இன்றும் குறையில்லை. அதற்கு மேல் தூரம் என்றால் ஸ்கோப் (தொலைநோக்கி) வைத்த போல்ட் ஆக்‌ஷன், அதாவது தாழ்ப்பாள் போன்ற கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிளே நல்லது. ஸ்கோப் வேண்டும், லிவரும் வேண்டும் என்பவர் மார்லின் 336 பக்கம் போகலாம். அது கூட்டைப் பக்கவாட்டில் தள்ளும், மேல்பகுதி மூடியிருக்கும். பழைய வின்செஸ்டர் 1894 கூட்டை மேலே தள்ளும், குழலுக்கு நேர் மேலே ஸ்கோப் பொருத்த இடமிருக்காது. கரடி வேட்டைக்குப் போகாதவருக்கு .45-70 தேவையே இல்லை. அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுபவர் மானைக் காயப்படுத்தி ஓட விடுவார். நல்ல வேட்டைக்காரர் அப்படி ஒரு பாவத்தைச் செய்ய மாட்டார்.

எதை வாங்கினாலும் தோட்டாக் குழாயைப் புரிந்துகொள்ளுங்கள். அதில் ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு படுத்திருக்கும். .22-ஐ விடப் பெரிய தோட்டாக்களில், அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அங்கேதான் இருக்கிறது. கூர்மூக்குக் குண்டைப் போட்டால், சுடும்போது வரும் உதையில் அந்த மூக்கு பிரைமரைக் குத்தி, தோட்டா குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் தட்டை மூக்கு, உருண்டை மூக்குக் குண்டுகள். மென்மையான பாலிமர் நுனியோடு இதற்கென்றே செய்த குண்டுகளும் வந்திருக்கின்றன. அப்புறம், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இருக்கும்போதே, வெளியே தெரியும் குதிரையை, அதாவது அடிக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் மெல்ல இறக்கும் நேரமும் ஆபத்தானது. விரல் வழுக்கினால் வெடிதான். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அந்த நேரத்தில் உயிர்க் கேள்வி.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக் குடும்பம் என்னை வீட்டுக்கு அழைத்தது. தாத்தா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயரில் லைசென்ஸ் இருந்த வின்செஸ்டர் 1892 ஒன்று பீரோவில் இருந்தது. "முப்பது வருஷமா யாரும் தொடல சார், காலியாத்தான் இருக்கும். இதை வெச்சுப் பன்னிய விரட்டலாமா?" என்றார் பேரன். எல்லோரையும் என் பின்னால் வரச் சொல்லிவிட்டு, குழலைத் தோட்டத்து மண்மேட்டுப் பக்கம் திருப்பி லிவரை இயக்கினேன். முதல் முறை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. துருவேறிய ஸ்பிரிங் குழாய்க்குள் சிக்கியிருந்தது. குழாயை உள்ளங்கையால் தட்டிவிட்டு மூன்றாம் முறை இழுத்தபோது பச்சை பூத்த பித்தளைத் தோட்டா ஒன்று திண்ணையில் விழுந்து உருண்டது. பேரனின் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் பலமுறை லிவரை இயக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிய பிறகுதான் காலி என்று சொன்னேன்.

பன்றி விஷயத்துக்கு என் பதில், கூடாது என்பதுதான். அந்தக் குடும்பத்தின் நஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு ராத்திரியில் கிழங்கு, வாழை என்று உழுதுபோட்டதுபோல் ஆக்கிவிடுகின்றன. ஆனாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியார் வேட்டைக்கு இடம் தரவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டது காட்டுமாடாக இருந்தால் அது அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டுகள் சிறை.

சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் மலையின் அமைப்பு. .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். சேர்வராயன் மலைச்சரிவில் மேல்நோக்கிச் சுட்டால் குண்டு முகட்டைத் தாண்டி எந்த ஊரில் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கீழ்நோக்கிச் சுட்டால் சார்னோகைட் என்ற கடினமான பாறையில் பட்டுத் திசை திரும்பும். சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிக்குள் குனிந்து நிற்கும் ஆள் பத்தடி தள்ளிக்கூடத் தெரியமாட்டார். கருமருந்தும் பால்ரஸும் (சிறு இரும்புக் குண்டுகள்) போட்டு நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருந்தாலே, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டுகள் சிறை. போலீசார் ஒப்படைக்கச் சொல்லி ஊருக்குள் அறிவிக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெரியவர் விட்டுப்போன துப்பாக்கி இருந்தால், அவர் காலமானதுமே அது உங்கள் கையில் இருப்பது சட்டப்படி சரியில்லாததாகிவிடும். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். நீங்களே ஏற்றியிறக்கிப் பார்க்க வேண்டாம். விவரம் தெரிந்தவரையோ போலீசாரையோ வீட்டுக்கு அழையுங்கள். வைத்துக்கொள்ள விருப்பம் என்றால் 21 வயது நிரம்பிய வாரிசு ஒருவர், இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். சேலம் மாநகருக்குள் என்றால் காவல் ஆணையரிடம், ஏற்காடு உள்ளிட்ட மற்ற பகுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம். பன்றி அழித்த பயிருக்கு நிவாரணம் கேட்பதற்கு, சேதத்தைக் கலைக்காமல் அன்றைக்கே படம் எடுத்துக்கொண்டு, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள்.