கதவின் உள் கைப்பிடி ஆடினால் பசை டியூபைத் தேடாதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் சத்தத்தில் இம்மி மாறினாலும் தூக்கம் போய்விடும். அன்றைக்கே வண்டி பட்டறைக்கு வந்துவிடும். அதே வண்டியில் கதவின் உள் கைப்பிடி மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வண்டியை உள்ளே விட நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப் போனால்தான், “அதப் பிடிக்காதீங்க அண்ணாச்சி, கண்ணாடியப் பிடிச்சு இழுங்க” என்று குரல் வரும். எனக்குப் பட்டறை தமிழ்நாடு, கேரள எல்லையோரம் செங்கோட்டையில். கோட்டைவாசல் தாண்டிப் புனலூர், கொல்லம் பக்கத்து வண்டிகளும் வரும், இந்தப் பக்கம் தென்காசி, திருநெல்வேலி வண்டிகளும் வரும். நம்பர் பிளேட் எந்த மாநிலமானாலும் இந்தப் பேச்சு மட்டும் மாறாது.

கதவின் உள்பக்கம் நம் கைக்கு இரண்டு வேலை உண்டு. இழுத்துச் சாத்த ஒரு பிடி, லாக்கை விடுவித்துத் திறக்க ஒரு லிவர். பிடி மட்டும் ஆடினால் தொந்தரவு, அவ்வளவுதான். ஒரு வாரம் பொறுக்கலாம். லிவர் ஆடினால், அல்லது ஒரு தடவை இழுத்துத் திறக்காமல் மறுபடி இழுக்க வேண்டியிருந்தால், சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நாலு கதவு வண்டியில் ஒரு கதவு மக்கர் பண்ணினால் பின்சீட் பக்கம் தாண்டி இறங்கலாம். இரண்டு சீட் வண்டியில் கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் தாண்டி, தலையை இடிக்கும் கூரைக்குக் கீழே மறுபக்கம் போவது வாலிபப் பையனுக்கே சிரமம்.

இதற்குப் பலர் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி, கண்ணாடியை இறக்கி வெளியே கை விட்டு வெளிக் கைப்பிடியால் திறப்பது. பவர் விண்டோ வேலை செய்கிறவரைதான் அந்த வித்தை செல்லும். மோதலில் பேட்டரி வயர் அறுந்தாலோ, 2023 டிசம்பரில் நம் தென்மாவட்டங்களில் பார்த்தோமே, அதுபோல வண்டிக்குள் தண்ணீர் ஏறினாலோ கண்ணாடி இறங்கும் என்று நம்ப முடியாது. இந்தப் பழைய வண்டிகளில் உள் லிவர் வெறும் கேபிள் அல்லது கம்பி இழுவையில் ஓடுவது. அதற்குக் கரண்ட் தேவையில்லை.

ஸ்போர்ட்ஸ் காரில் இது சீக்கிரம் கழல்வதற்குக் காரணம் அதன் உடல்வாகு. இரண்டே கதவு என்பதால் கதவு நீளம், எடையும் கூடுதல். சீட் தரையோடு தரையாக இருக்கும். இறங்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்: கதவைப் பாதி திறந்து, அந்தப் பிடிமேல் கையை ஊன்றி, உடம்பு எடை மொத்தத்தையும் அதில் போட்டு எழுந்திருப்பார்கள். பக்கவாட்டில் இழுப்பதற்கென்று வைத்த சாமான் அது. மேலிருந்து எழுபது, எண்பது கிலோ அழுத்தினால் எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, புளியரையிலிருந்து ஆரியங்காவு வரை வளைவுக்கு வளைவு பக்கத்துச் சீட்டில் இருப்பவர் அதைப் பிடித்துத்தான் தொங்குவார். மலை ஏறி இறங்கும் வண்டிகளில் டிரைவர் கதவைவிடப் பக்கத்துக் கதவின் பிடி அதிகம் ஆடுவதைப் பார்க்கிறேன். ஓட்டுபவரின் உற்சாகத்தை அதை வைத்தே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம்.

வயதும் ஒரு காரணம். மாஸ்டா எம்எக்ஸ்-5 வெளிவந்தது 1989-ல். முதல் போர்ஷே பாக்ஸ்டர் 1996-ல், ஆடி டிடி 1998-ல். அந்தக் காலத்து வண்டிகளில் டோர் பேடுக்கு, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இருபது, முப்பது வயது ஆகிவிட்டது. எல்லையில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு இரண்டு விதச் சாவும் பார்க்கக் கிடைக்கிறது. கிழக்கே வெயிலில் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் காய்ந்து, ஸ்குரூ ஏறுகிற குழல் பகுதி நெடுக்காகக் கீறியிருக்கும். மேற்கே மழையில் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும். அதைத் தாங்குகிற அட்டை ஊறிப் போயிருக்கும். வெளியே தெரிவது இரண்டுக்கும் ஒரே ஆட்டம்தான். வைத்தியம் வேறு வேறு.

கதவுக்குள் மழைத்தண்ணீர் போகவே கூடாது என்று நினைக்கிறவர்கள் அதிகம். போகும். வெளி ரப்பர் புதிதாகவே இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கண்ணாடியோடு உள்ளே வழிந்து, கதவின் அடிவிளிம்பில் இருக்கும் துளைகள் வழியாக வெளியேறும். கதவைச் செய்யும்போதே அப்படித்தான் செய்கிறார்கள். அந்தத் தண்ணீர் டோர் பேட் பக்கம் வராமலிருக்க, தகரத்துக்கும் பேடுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டோ ஃபோம் ஷீட்டோ கருப்புப் பசையால் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்ட, விண்டோ மோட்டார் பார்க்க என்று யாராவது பேடைக் கழற்றும்போது இந்த ஷீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ‘சும்மா ஒரு பேப்பர்தானே’ என்ற எண்ணம். அது போன பிறகு அட்டை ஊறிப்போகச் சில மழைக்காலம் போதும். அடித்துளைகளை ரப்பர்மரத்து இலையும் செம்மண்ணும் அடைத்திருந்தால் அத்தனையும் வேண்டாம்.

புனலூரில் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர் இரண்டு சீட் ஜெர்மன் வண்டியோடு வந்தார்.

“ஒரு ஸ்குரூ லூசு அண்ணாச்சி, முறுக்கி விட்டாப் போதும். டீ குடிச்சிட்டு வந்துருதேன்.”

“இதுக்கு முன்னால யாரும் முறுக்கினாங்களா?”

“போற பட்டறையில எல்லாம் முறுக்கத்தான் செய்யாங்க.”

“அப்பம் டீயக் குடிச்சிட்டு சாயங்காலமா வாங்க.”

லிவருக்குப் பின்னால் இருந்த சின்ன மூடியை நெம்பினால் ஸ்டார் ஸ்குரூ. தவறான பிட் போட்டுப் போட்டு அதன் பள்ளம் வட்டமாகத் தேய்ந்திருந்தது. பேடைக் கழற்றித் திருப்பியதும் கதை விளங்கிவிட்டது. ஷீட் இல்லை. பிடியைச் சுற்றி அட்டை அப்பளம்போல உப்பியிருந்தது. அதன்மேல் யாரோ எலுமிச்சங்காய் அளவுக்கு எம்சீல் அப்பியிருந்தார்கள். விரலால் தள்ளினேன், உருண்டை முழுசாகக் கையோடு வந்தது, அடியில் ஒரு அடுக்கு ஈர அட்டையையும் உரித்துக்கொண்டு. பசையின்மேல் குற்றம் இல்லை, அது நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. அட்டைதான் அட்டையை விட்டுவிட்டது.

அதைவிட மோசம் அந்த ஸ்குரூவின் நீளம். பழையது பிடிக்கவில்லை என்று யாரோ நீளமானதைப் போட்டிருக்கிறார்கள். அதன் முனை தகரத்தைத் தாண்டி உள்ளே போய், கண்ணாடி ஏறி இறங்கும்போதெல்லாம் உரசி, நெடுக்கே ஒரு கோடு கிழித்திருந்தது. கதவுக் கண்ணாடி டஃபண்ட் கிளாஸ். கூர்முனை ஆழமாக இறங்கினால் மொத்தமும் பொடியாக உதிர்ந்துவிடும். கண்ணாடி தப்பினாலும் வயர் கட்டில் குத்தும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டரில் மாட்டும். மரை போய்விட்டது என்றால் நீள ஸ்குரூ போடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் கை தானாகச் செய்யும் வேலை. கதவில் அதைச் செய்ய வேண்டாம். ஒரிஜினல் நீளத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகக்கூடாது.

அந்த வண்டிக்குச் செய்தது இவ்வளவு. அட்டையைக் காயவைத்து, உப்பின இடத்தைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் பதத்தில் கலந்த எப்பாக்ஸியை ஊறவிட்டுக் கெட்டிப்படுத்தினோம். பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை வெட்டி வைத்து, அதில் மரை உள்ள இன்சர்ட் அடித்து, பிடியை அதில் பூட்டினோம். இழுக்கிற பாரம் ஒரு புள்ளியில் விழாமல் பட்டை முழுக்கப் பரவிவிடும். அடித்துளைகளைக் கம்பி விட்டுத் திறந்தோம். புது ஷீட்டை பியூட்டைல் டேப் வைத்து ஒட்டினோம். கைப்பிடி வேலைக்கு வந்த வண்டிக்கு ஷீட் எதற்கு என்று அவர் கேட்கத்தான் செய்தார். ஊறின அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன், பேசாமல் இருந்துவிட்டார்.

பிளாஸ்டிக் கீறின வண்டிக்கு வேலை வேறு. பாகத்தின் பின்புறம் சின்ன எழுத்தில் அது எந்த பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருப்பார்கள். ஏபிஎஸ் என்றால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி எப்பாக்ஸி போடலாம், பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் என்றால் எப்பாக்ஸி உரிந்துகொண்டு வந்துவிடும்; சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்து, அடுத்த இழுப்பில் விட்டுவிடும். அதன் ஆவி பட்டுச் சுற்றியுள்ள கருப்பு டிரிம்மில் வெள்ளை பூத்து நிற்கும்.

திரெட் லாக்கர் விஷயம் பல மெக்கானிக்குகளுக்கே தெரியாதது. ஸ்குரூ தானாகக் கழலாமலிருக்க இன்ஜின் போல்ட்டில் விடுவதுபோல இங்கேயும் ஒரு சொட்டு விடுவார்கள். அது இரும்புக்கு மருந்து; ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரிப் பிளாஸ்டிக்கில் பட்டால் அழுத்தம் இருக்கிற இடத்தில் மயிரிழை விரிசல் விடும். கழலக்கூடாது என்று போட்டதே கைப்பிடியை உடைத்துவிடும்.

நீங்களே பேடைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தக் கதவில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் பல வண்டிகளுக்குப் பக்கவாட்டு ஏர்பேக் கதவுக்குள்ளேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட கதவில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டும். மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டர் முனையை வைத்துச் சோதிப்பது விபரீதம். கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு ஏறிக்கொண்டு, ஸ்கேனர் போட்டால்தான் அணையும். இந்தப் பகுதியைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்கு மேல்சட்டம் இல்லாத கதவுகள் பலவற்றில் இன்னொரு குழப்பம் உண்டு. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் இறங்கி வழிவிட வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். சில வண்டிகளில் லிவர் லூசானால் அந்த ஸ்விட்ச் பாதியில் அழுந்தும். கண்ணாடி தானாக இறங்குகிறது என்று விண்டோ மோட்டாரை மாற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டாருக்குச் செலவு செய்வதற்கு முன் லிவரை ஆட்டிப் பாருங்கள்.

சாமான் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், வெளிநாட்டிலிருந்து பழையது வரவழைக்கலாம். வலது கதவுச் சாமான் இடது கதவுக்கு ஏறாது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஸ்டீயரிங் இடதுபக்கம் இருந்த வண்டியின் கதவு என்றால் கண்ணாடி ஸ்விட்ச்களின் இடமும் மாறியிருக்கும் என்பதைப் பணம் கட்டிய பிறகு கண்டுபிடிப்பார்கள். இப்போது கிளிப்புகளை 3டி பிரிண்ட் எடுத்துத் தருகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் என்ன பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பிஎல்ஏ என்றால் வாங்காதீர்கள். 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள் அது கொழுக்கட்டை மாவாகிவிடாது என்றாலும் வளைந்துவிடும். ஏஎஸ்ஏ, நைலான் கேளுங்கள்.

கடைசியாக கேபிள். லிவரை இழுக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று அசைவு இருப்பதுதான் சரி. அந்த அசைவே பிடிக்காமல் கேபிளை விறைப்பாக வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் லாக் முழுசாக விழாது. கதவு சாத்தும்போது இரண்டு ‘டக்’ இருக்கிறதே, முதல் டக்கிலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சாத்தினமாதிரியே இருக்கும், வளைவில் திறந்துகொள்ளலாம். ஆகவே எல்லாம் பூட்டி முடித்தாலும் உடனே கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஸ்குரூடிரைவரால் லாக்கின் கொக்கியை இரண்டு டக்கும் விழும்வரை தள்ளுங்கள். பிறகு உள் லிவரை இழுங்கள். கொக்கி துள்ளி விடுபட வேண்டும். வெளிக் கைப்பிடியிலும் அதே சோதனை. ஏதாவது ஒன்றில் கொக்கி விடுபடாவிட்டால் கேபிள் முனை கிளிப்பில் உட்காரவில்லை. அந்த நிலையில் கதவைச் சாத்திவிட்டால், சாத்தின கதவோடு பேடைக் கழற்ற வேண்டிவரும், அதில் டோர் பேடைக் கிழிக்காமல் தப்பித்தவர்கள் குறைவு.