குவோஹுவா: சொல் விளக்கம்

சீன ஓவியர் ஷூ பெய்ஹோங் (1895–1953) பற்றி எதைப் படித்தாலும் 'குவோஹுவா' என்ற சொல் வந்து நிற்கும். சீன மொழியில் 'குவோ' என்றால் நாடு, 'ஹுவா' என்றால் ஓவியம்.

கேட்கப் பழஞ்சொல் போல இருக்கும். ஆனால் பரவலாகப் புழங்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். அதுவரை வெறும் 'ஹுவா' போதுமாக இருந்தது. ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியம் வந்து, அதற்கு 'ஷிஹுவா' (மேற்கத்திய ஓவியம்) என்று பெயர் விழுந்த பிறகு, சொந்த ஓவியத்துக்கும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. ஜப்பானியர் அதற்கு முன்பே தங்கள் ஓவியத்தை நிஹோங்கா என்றும் மேற்கத்தியதை யோகா என்றும் பிரித்துவிட்டார்கள். (நம் ஆசனங்களுக்கும் இந்த யோகாவுக்கும் சம்பந்தமில்லை.)

சரி, எது குவோஹுவா? ஷூ பெய்ஹோங் 1919இல் பிரான்சுக்குப் போய் மனித உடலமைப்பையும் ஒளி நிழலையும் முறையாகக் கற்றவர். தாகூர் அழைத்து இந்தியா வந்திருந்தபோது, 1940இல், மலையைப் பெயர்க்கத் துணிந்த கிழவரின் சீனக் கதையை நாலு மீட்டருக்கு மேல் நீளமாக வரைந்தார். மண்வெட்டி ஓங்கும் ஆட்களின் தசைத் திரட்சி பாரிஸ் பாடம். மாதிரிக்கு நின்றவர்களில் இந்தியரும் உண்டு. ஆனாலும் தூரிகை, மை, தாள் மூன்றும் சீனத்தவை என்பதால் அது குவோஹுவா. அதே கதையை அவர் எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தார். அது குவோஹுவா இல்லை. ஆக, பிரிப்பது வரைந்தவரின் நாடும் அல்ல, படத்தின் கதையும் அல்ல, கருவியும் ஊடகமும்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தேசிய ஓவியம்' என்றால் ஏதோ அரசு விருது வாங்கிய படம் போல ஒலிக்கிறது. 'மைநீர் ஓவியம்' அழகான சொல், ஆனால் அது 'ஷுய்மோ' என்ற வேறொரு சொல்லுக்கே சரி. பட்டில் நுணுக்கமாக வண்ணம் தீட்டும் 'கோங்பி' வகையும் குவோஹுவாவில் அடங்கும். 'சீன மரபோவியம்' பழைய படங்களுக்குப் பொருந்தும். சீன ஓவியத்தைச் சீர்திருத்தியே ஆக வேண்டும் என்று எழுதி வாதாடிய ஷூ பெய்ஹோங்கின் படத்துக்கு அது ஒட்டவில்லை.

என் தேர்வு 'சீனமுறை ஓவியம்'. சீனாவிலேயே இன்று பெரிதும் வழங்கும் 'சோங்குவோஹுவா'வுக்கும் (சீன ஓவியம்) இது நெருக்கமானது. 'முறை' சேர்ந்ததால், சீனர் வரைந்த எண்ணெய் ஓவியத்தோடு குழம்பாது.

வாக்கியத்தில்: ஷூ பெய்ஹோங்கின் புகழ்பெற்ற குதிரைகள் சீனமுறை ஓவியங்கள்.