அறுவைக்கு நாள் குறித்ததும் ஏன் படுக்கவைக்கிறீர்கள்?

நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதுமே வீட்டில் நடக்கும் முதல் காரியம், நோயாளியைக் கட்டிலில் கிடத்துவது. போன வாரமும் ஒருவர் வந்தார். நாள் முழுக்க நின்றபடியே மளிகைக் கடையை நடத்தியவர். நாள் குறித்தவுடன் மகன் கடைச் சாவியை வாங்கிக்கொண்டாராம். பிசியோதெரபிக்கு எங்களிடம் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலில் ஒரு குறையும் இல்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறதே என்று விடவில்லையாம்.

மூச்சு வாங்கினால் நுரையீரல் தேய்ந்துவிடும், கட்டி கலைந்து பரவிவிடும் என்ற பயத்தை யார்தான் கிளப்பிவிடுகிறார்களோ! உடற்பயிற்சியில் மூச்சு வாங்குவது புற்றைப் பரப்பாது. திரும்பவும் சொல்கிறேன், பரப்பாது. படியேறும்போது வாங்கிய மூச்சு, நின்றதும் சிறிது நேரத்தில் அடங்கினால் உடல் உழைத்திருக்கிறது, அவ்வளவுதான். கெடுப்பது படுக்கை. தொடைச் சதை வற்றும். வற்றினால் குளியலறைவரை போய்வரவே மூச்சு வாங்கும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று இன்னும் படுக்கவைப்பீர்கள். அந்த உடம்பில்தான் அறுவை நிபுணர் கத்தி வைக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 151 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பிரிவினர், அறுவைக்குக் காத்திருந்த நாட்களில் வாரம் மூன்று முறை, இடத்தைவிட்டு நகராத பயிற்சிச் சைக்கிள் மிதித்தார்கள். 15 விநாடி முழு வேகம், 15 விநாடி நிறுத்தம். இப்படிப் பத்து நிமிடம். நான்கு நிமிட ஓய்வுக்குப் பின் மறுபடி பத்து நிமிடம். சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் மிதிக்கத் திணறுபவரும் 15 விநாடி மிதித்துவிடுவார். மரணத்தையும் எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் வந்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம், மிதித்தவர்களில் 23 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு, கைபேசியில் வீடியோ பார்த்து வீட்டுக் கூடத்தில் குதிக்கத் தொடங்காதீர்கள். அப்படிச் செய்தவர்களையும் பார்த்தாயிற்று. இந்தப் புற்று எலும்புக்குப் போகக்கூடியது. முதுகெலும்பிலோ தொடை எலும்பிலோ பரவியிருந்தால் ஒரு குதியில் முறியலாம். அதனால்தான் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். நுரையீரலைக் கெடுத்த சிகரெட் இதயத்தையும் விட்டுவைத்திருக்காது என்பதால், இசிஜி பார்த்தபடி ஒரு மிதி சோதனை செய்த பிறகே வேகத்தை முடிவு செய்வோம். மிதிக்கும்போது, விரலில் மாட்டும் கருவியில் ரத்த ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவோம். அந்தக் கருவி சரியாகக் காட்ட, தயவுசெய்து நகப்பூச்சை அழித்துவிட்டு வாருங்கள்.

சளியில் ரத்தம், காய்ச்சல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல்: இவற்றில் எது இருந்தாலும் அன்று சைக்கிள் கிடையாது, நேராக மருத்துவரிடம் போங்கள். கீமோ நடக்கிறதென்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டாமல் மிதிக்கக் கேட்காதீர்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவியை வாங்கிக் கொடுத்திருப்பார்களே, அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அறுவைக்கு நாள் வாங்கும்போதே, பயிற்சிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக்கு முந்தைய நாள் மாலை வந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.