படத்துக்குள் ஒரு கணினி

"தெரியாத லிங்க் எதையும் நான் தொடுவதே இல்லை. அப்புறம் எப்படி என் போனுக்குள் உளவு மென்பொருள் நுழையும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தொடாமலே நுழையும் என்பதுதான் பதில்.

நுழைந்தபின் மைக், கேமரா, குறுஞ்செய்தி எல்லாம் அதன் கையில். அது தெரிந்த கதை. நுழைந்த வழிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2021-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், சவுதி செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோன் தரவில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விட்டுச்சென்ற சில கோப்புகளைக் கண்டெடுத்தது. பெயரில் 'ஜிஃப்' என்று இருந்தாலும், அவற்றில் சில உண்மையில் பிடிஎஃப். செய்தியோடு வரும் இப்படிப்பட்ட கோப்பை, அது திரையில் தெரியும் முன்பே போன் பிரித்துப் படித்துவிடுகிறது. விரல் படவே தேவையில்லை.

அந்த பிடிஎஃப்புக்குள் ஜேபிக்2 என்ற பழைய படச் சுருக்கமுறை இருந்தது. ஸ்கேன் செய்த ஒரு பக்கத்தில் 'க' நூறு முறை வந்தால், அதன் வடிவத்தை ஒரே ஒரு முறை சேமித்து நூறு இடங்களில் ஒட்டிக்கொள்ளும் முறை அது. வடிவங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் இடத்தில் ஒரு பிழை. கூட்டுத்தொகை அதற்கு ஒதுக்கிய 32 பிட் இடத்தைத் தாண்டியதும் சின்ன எண்ணாகச் சுருண்டுவிடும். அதை நம்பி போன் சிறிய நினைவிடத்தை ஒதுக்க, தரவு அதற்கு வெளியே வழிகிறது.

சரி, வழிந்தால் என்ன? இங்கேதான் அசந்துபோனேன். ஒட்டிய எழுத்தைத் திருத்துவதற்காக, புள்ளிகளின் மேல் புள்ளிகளை 'அண்ட்', 'ஆர்', 'எக்ஸார்' என்று சேர்க்கும் வசதி ஜேபிக்2-இல் உண்டு. பள்ளியில் படித்த அதே லாஜிக் கேட்டுகள்! அவை இருந்தால் எந்தக் கணினி மின்சுற்றையும் கட்டலாம். தாக்கியவர்கள் 70,000-க்கும் மேற்பட்ட கட்டளைகளை அடுக்கி, எண்களை வைத்துக்கொள்ளும் பதிவகங்களும், எண்களைக் கூட்டவும் ஒப்பிடவும் 64 பிட் சுற்றுகளும் கொண்ட ஒரு குட்டிக் கணினியையே அந்தப் படத்துக்குள் கட்டிவிட்டார்கள். அது போனின் நினைவகத்தைத் துழாவி அடுத்த கட்டத்துக்கு வழி தேடியது.

இவ்வளவு உழைப்பைக் கண்ணில் பட்டவர் மேலெல்லாம் செலவிடமாட்டார்கள். குறி பெரும்பாலும் பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயற்பாட்டாளர்தான். அவர்களுக்காகத் தடயம் தேடியது ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பொதுப்பணம் தாராளமாகப் போக வேண்டும் என்பேன்.

அந்த ஓட்டையை 2021 செப்டம்பர் 13 அன்று ஆப்பிள் அடைத்தது. 2022-இல் 'லாக்டவுன் மோட்' வந்தது. அதை இயக்கினால் செய்தியோடு வரும் பெரும்பாலான வகை இணைப்புக் கோப்புகளை ஐபோன் தடுத்துவிடும். குறிவைக்கப்படக்கூடிய வேலையில் இருப்பவர்கள் அதை இன்றே இயக்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.