தியோடிசி: தமிழ்ல என்னன்னு எழுத?

எங்க சித்தப்பா மகன் பாதிரியார் படிப்புக்கு செமினரில படிக்கான். லீவுக்கு வந்தவன், தியோடிசிக்கு தமிழ்ல என்னண்ணே எழுதன்னு கேட்டான். நான் ஏதோ மாத்திரை பேருன்னுல்லா நெனச்சேன்.

கேட்டா பழைய கிரேக்கச் சொல்லு மாதிரி இருக்கும், ஆனா கிடையாது. லைப்னிட்ஸ்ங்கிற ஜெர்மன் தத்துவக்காரர் ரெண்டு கிரேக்க வார்த்தைய ஒட்டவச்சு உண்டாக்கினது, 1710ல அவர் பிரெஞ்சுல எழுதின புத்தகத்துக்கு அதான் தலைப்பு. தியோஸ்னா கடவுள், டிகேன்னா நீதி. டிகேக்கு வழக்குன்னும் ஒரு அர்த்தம் உண்டு, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா விஷயமே ஒரு கேஸ்தான். கடவுள் நல்லவரு, எல்லாம் வல்லவரு, பின்ன இவ்வளவு கஷ்டம் எதுக்குன்னு கூண்டுல ஏத்திக் கேக்கும்போ அவரு பக்கம் நின்னு வாதாடுறது தியோடிசி. இருக்கக்கூடிய உலகங்கள்லயே இதுதான் நல்ல உலகம்னு லைப்னிட்ஸ் வாதாடினார். 45 வருஷம் கழிச்சு 1755 நவம்பர் 1, கல்லறைத் திருநாளுக்கு மொத நாள், சனம் கோயில்ல நிக்கும்போ போர்ச்சுகல்ல லிஸ்பன்ல பூமி குலுங்கி கடல் ஏறி தீயும் பிடிச்சுது, அதுக்கப்புறம் வோல்டேர்ங்கிற பிரெஞ்சு எழுத்தாளர் அந்த வாதத்த கிண்டல் பண்ணியே கிழிச்சுட்டார்.

நமக்கு லிஸ்பன் வரைக்கும் போகவேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள், சுனாமில எங்க குமரிக் கடற்கரைல குளச்சல்லயும் மணக்குடிலயும் என்ன நடந்துச்சுன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

இங்கதான் மொழிபெயர்ப்பு இடிக்கு. இந்தக் கேள்விய "தீமைச் சிக்கல்"னு எழுதுகாங்க. இங்கிலீஷ்ல கொலைக்கும் சுனாமிக்கும் சேத்து "ஈவில்"னு ஒரே வார்த்தை போட்டு வாதாடுவாங்க, ஆனா நம்ம ஊர்ல யாராச்சும் கடல் தீமை செஞ்சுதுன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? தீமைன்னா ஒரு ஆளு செய்யணும். கடல் கொண்டுபோனது துன்பம், இல்லன்னா கேடு. அதனால கேள்விக்கு "துன்பச் சிக்கல்"னும், தியோடிசிக்கு "இறைநீதி வாதம்"னும் எழுதுன்னு சொன்னேன்.

அவன் விடல. இன்னொரு வார்த்தையும் இருக்காம், டிஃபென்ஸ். 1955ல மேக்கிங்கிற தத்துவக்காரர், துன்பமும் நல்ல கடவுளும் ஒண்ணா இருக்கமுடியாது, ஒண்ணுக்கொண்ணு முரண்னு எழுதினார். அதுக்கு 1970கள்ல பிளாண்டிங்காங்கிற இன்னொரு தத்துவக்காரர் சொன்ன பதில், கடவுள் ஏன் விட்டார்னு எனக்குத் தெரியணும்னே இல்ல, ஒரு காரணம் இருக்க வாய்ப்பிருந்தா போதும், முரண் கிடையாது, நம்புறவன் புத்தி கெட்டவனும் கிடையாதுங்கிறது. காரணத்த எடுத்து வச்சா அது இறைநீதி வாதம், இந்த மாதிரி வாய்ப்ப மட்டும் காட்டினா "தற்காப்பு வாதம்". அவர் காட்டுற வாய்ப்பு மனுஷனோட சுய விருப்பம். அலைக்கு ஏது சுய விருப்பம்னு கேட்டா, பிசாசுகளோட விருப்பமா இருக்கலாமேன்னு அதுக்கும் ஒரு வாய்ப்பு வச்சிருக்கார், நெசமாத்தான். படிச்ச உடனே எனக்கு அய்யாவழிக்காரங்களோட தலைமைப் பதி இருக்க சாமிதோப்புதான் ஞாபகம் வந்துச்சு. அய்யாவழிக் கதைல குறோணிங்கிற அசுரன ஆறு துண்டா வெட்டி, அந்தத் துண்டுங்க யுகம் யுகமா பிறந்து கடைசில கலியனா வரும்லா, உலகத்துல உள்ள கேட்டுக்கெல்லாம் அங்க ஒரு பிறப்புக் கதையே இருக்கு.

இதுக்கெல்லாம் முன்னாடியே புறநானூறு 194ல பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்ல சாவு மேளத்தையும் இன்னொரு வீட்ல கல்யாண மேளத்தையும் கேட்டுட்டு, இப்படிப் படைச்சவன் "பண்பிலாளன்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அங்க வக்கீலும் இல்ல வாதமும் இல்ல.

கடைசியா அவன் கேட்டது, 2017 ஒக்கி புயல்ல மகன் திரும்பி வராத ஒரு பாட்டி தெனமும் மாதா குருசடில நின்னு "உனக்கும் ஒரு மகன் இருந்தான்லா"ன்னு சண்ட போடுகாங்களே, அத இதுல எதுல சேக்கன்னு. ரெண்டுலயும் சேராது தம்பி, அவங்க ஜெபமால உருட்டிக்கிட்டேதான் கேக்காங்க. அதுக்கு "முறையீடு"ன்னு எழுதிக்கோ, பைபிள்ல யோபு சாம்பல்ல உக்காந்து செஞ்சதும் அதுதான்.